பணிவு வேறு, மதிப்பு வேறு: செட்ஸ்வானா நாடகமும் போத்தோ என்னும் அறமும்

செட்ஸ்வானா மொழியில் மோத்தோ என்றால் மனிதர். பாத்தோ என்றால் மனிதர்கள். போத்தோ என்றால் மனிதராயிருத்தல். மூன்றிலும் அடிச்சொல் ஒன்றே. முன்னொட்டு மட்டுமே மாறுகிறது. மோ- என்பது ஒருவரையும், பா- என்பது பலரையும், போ- என்பது பண்பையும் நிலையையும் குறிக்கின்றன. பாண்டு மொழிகள் பெயர்ச்சொற்களை இவ்வாறு முன்னொட்டுகளால் வகுப்பு வகுப்பாகப் பிரிப்பவை. இதே அடிச்சொல் சூலு, கோசா மொழிகளில் உமுன்டு, அபன்டு, உபுன்டு என்று நிற்கிறது. கணினி மாணவர்கள் ஓர் இயங்குதளத்தின் பெயராக அறிந்திருக்கும் உபுன்டு என்னும் சொல்லின் செட்ஸ்வானா உடன்பிறப்பே போத்தோ.

இந்த அறத்தைச் சுருக்கிச் சொல்லும் பழமொழி தென்னாப்பிரிக்க மொழிகள் பலவற்றிலும் உண்டு. செட்ஸ்வானாவில் அது ‘மோத்தோ கே மோத்தோ கா பாத்தோ’ என்று வழங்குகிறது. ‘மனிதர் மனிதர்களால் மனிதராகிறார்’ என்று அதைத் தமிழில் பெயர்க்கலாம். ஆனால் தமிழின் ‘ஆல்’ உருபு இரண்டு வேலைகளைச் செய்கிறது. ‘பாம்பால் கடிபட்டான்’ என்பதில் அது வினைமுதலைக் காட்டுகிறது. ‘கத்தியால் வெட்டினான்’ என்பதில் கருவியைக் காட்டுகிறது. செட்ஸ்வானா இவ்விரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. கடித்த பாம்பின் முன் ‘கே’ வரும். வெட்டிய கத்தியின் முன் ‘கா’ வரும். பழமொழியின் இறுதியில் பாத்தோ என்னும் சொல்லின் முன் நிற்பது ‘கா’. (இடையில் வரும் ‘கே’ இங்கே ‘ஆவார்’ என்னும் பொருளது, அது வேறு.) ஆகவே பிறர் ஒருவரை மனிதராக வனைந்துவிடுகிறார்கள் என்று இப்பழமொழி சொல்லவில்லை. பிறரோடு பழகும் பழக்கத்தின் வழியாகவே, அதைக் கருவியாகக் கொண்டே, ஒருவர் தம்மை மனிதராக்கிக்கொள்கிறார் என்றே சொல்கிறது. கருவி கையில் இருந்தாலும் அதைக் கையாளப் பயிற்சி வேண்டும். நாடகம் இந்த இடத்தில்தான் கல்விக்குள் வருகிறது.

போட்ஸ்வானா 1997-இல் வெளியிட்ட நெடுநோக்கு ஆவணமான ‘விஷன் 2016’ மக்களாட்சி, வளர்ச்சி, தற்சார்பு, ஒற்றுமை என்னும் நான்கு தேசியக் கொள்கைகளோடு போத்தோவை ஐந்தாவதாகச் சேர்த்தது. தென்னாப்பிரிக்காவின் 1993-ஆம் ஆண்டு இடைக்கால அரசமைப்பு, பழிவாங்கலுக்கு மாற்றாக உபுன்டு என்னும் சொல்லைத் தன் முடிவுரையில் எழுதிவைத்தது. 1995-இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் மரண தண்டனையை நீக்கிய தீர்ப்பில் நீதிபதி இவான் மொக்கோரோ உள்ளிட்டோர் இவ்வறத்தைச் சட்டத்தின் மொழிக்குள் கொண்டுவந்தனர். அரசமைப்பிலும் தீர்ப்பிலும் ஏறிய ஒரு சொல் பாடத்திட்டத்திலும் ஏறுவது இயல்பு. ஏறியபின் அது வகுப்பறையில் எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்பதே கேள்வி. ‘போத்தோ என்பது யாது? ஐந்து பண்புகளைக் கூறுக’ என்று கேட்டால் மாணவர் மனப்பாடமாக ஐந்தையும் எழுதிவிடுவார். எழுதியவுடன் போத்தோ அவரிடம் வந்துவிட்டதா என்று எந்த விடைத்தாளும் காட்டாது.

செட்ஸ்வானாச் சமூகத்தில் மதிப்பு முதலில் உடலிலும் சொல்லிலும் வாழ்கிறது. வரையறை அதற்குப் பின்னரே வருகிறது. வணக்கம் சொல்லும்போது ‘டுமேலா’ என்று நிறுத்துவது குறையாகும். ஆணுக்கு ‘ர்ரா’, பெண்ணுக்கு ‘ம்மா’ என்று சேர்த்தே சொல்ல வேண்டும். நலம் கேட்கும்போது ஒத்த வயதினரிடம் ‘ஓ காயே’ என்பவர் மூத்தவரிடம் பன்மைக்கு மாறி ‘லே காயே’ என்பார். போட்ஸ்வானாவில் அந்தப் பன்மை ‘லோ’ என்று ஒலிக்கும். நீ, நீங்கள் என்னும் வேறுபாட்டோடு வளர்ந்த தமிழருக்கு இதன் நுட்பத்தை விளக்க வேண்டியதில்லை. பொருளைக் கொடுப்பவரும் வாங்குபவரும் இரு கைகளையும் நீட்டுவர். அல்லது வலக்கையை நீட்டி இடக்கையால் அதன் முழங்கையைத் தொடுவர். பிள்ளை பெற்ற ஒருவரை அவர் பெயரால் அழைக்காமல் பிள்ளையின் பெயரோடு சேர்த்து, இன்னாரின் தாய், இன்னாரின் தந்தை என்று அழைப்பர். ஒருவருடைய பெயரே இன்னொருவர் வழியாக வருகிறது. பழமொழி சொல்வதை அன்றாட விளி செய்துகாட்டுகிறது.

இவற்றை நாவல் வருணிக்கலாம், கட்டுரை விளக்கலாம். நாடகமோ செய்யச் சொல்கிறது. அச்சில் உள்ள உரையாடலில் கை எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று பெரும்பாலும் எழுதியிருக்காது. மேடையேறும் மாணவர் அதைத் தாமே முடிவுசெய்தாக வேண்டும். அரசவைக்கு வரும் முதியவர் தொப்பியை எப்போது கழற்றுகிறார்? சினங்கொண்ட மகள் தந்தையிடம் பேசும்போது பன்மையைக் காப்பாற்றுகிறாளா, கைவிடுகிறாளா? ஒரு விளி தவறினால் பார்வையாளர் வரிசையில் எழும் சிறு சிரிப்போ சலசலப்போ ஆசிரியரின் விளக்கத்தைவிட விரைவாகக் கற்பிக்கிறது. செட்ஸ்வானாவில் விளையாட்டைக் குறிக்கும் ‘மோட்சாமெக்கோ’ என்னும் சொல் நாடகத்துக்கும் வழங்குகிறது. விளையாட்டில் தவறுவதற்கு இடமுண்டு. தவறிய ஆட்டத்தை மறுபடியும் தொடங்கலாம். அறத்தைப் பழகுவதற்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் பள்ளியில் வேறில்லை.

இம்மொழியின் நாடக எழுத்துக்கும் பழமொழிகளுக்கும் இடையே தொடக்கத்திலேயே நெருங்கிய உறவு இருந்தது. சோல் பிளாட்ஜெ 1916-இல் 732 செட்ஸ்வானாப் பழமொழிகளை ஆங்கிலப் பொருளோடும் ஐரோப்பிய இணைகளோடும் தொகுத்து வெளியிட்டார். அதே ஆண்டில் ஒலியியலாளர் டேனியல் ஜோன்ஸுடன் இணைந்து ஒலிக்குறியீட்டில் அமைந்த செட்ஸ்வானா வாசகநூல் ஒன்றையும் கொண்டுவந்தார். 1912-இல் தொடங்கிய தென்னாப்பிரிக்கப் பூர்வகுடி தேசியக் காங்கிரசின் முதற்பொதுச் செயலாளரும் அவரே. அந்த அமைப்பே பின்னர் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் என்று பெயர் மாறியது. நிலவுரிமைக்காக இலண்டன் வரை சென்று வாதாடியவர், ஷேக்ஸ்பியரின் இன்பியல் நாடகம் ஒன்றை ‘டிபோஷோ-போஷோ’ என்னும் பெயரில் மொழிபெயர்த்து 1930-இல் அச்சேற்றினார். ‘ஜூலியஸ் சீசர்’ மொழிபெயர்ப்பு அவர் மறைந்தபின் 1937-இல் வெளிவந்தது. தம் மொழி சிதைந்துவிடும் என்ற கவலையே அவரைப் பழமொழிக்கும் நாடகத்துக்கும் ஒருசேர அழைத்துச்சென்றது.

பிளாட்ஜெ பெயர்த்துத் தந்தார். லேட்டிலே டிசாங் ராடிட்லாடி (1910–1971) தாமே படைத்தார். இன்று புதன் கோளின் மேற்பரப்பில் உள்ள பெரும்பள்ளம் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. 1945-இல் வெளிவந்த அவருடைய ‘இரண்டாம் மோட்ஷ்வாசேலே’ பக்வேனா மக்களின் அரசன் ஒருவனின் வீழ்ச்சியைச் சொல்லும் வரலாற்று நாடகம். டேவிட் லிவிங்ஸ்டனோடு பழகிய சேசேலே அரசனின் தந்தை இந்த மோட்ஷ்வாசேலே. குடிமக்களின் உடைமையையும் குடும்பங்களையும் மதியாதவன் என்றே வாய்மொழி வரலாறு அவனை நினைவில் வைத்திருக்கிறது. 1820களின் தொடக்கத்தில் அவனுடைய மக்களே அவனைக் கொன்றனர்.

மதிப்பைக் கற்பிக்க நாடகம் தேடும் ஆசிரியர் இந்நூலை எடுத்தவுடன் ஒரு தடுமாற்றம் எழும். மாணவர்களுக்குப் பணிவு கற்பிக்க வேண்டிய நேரத்தில், அரசனைக் கொல்லும் கதையா? இந்தத் தடுமாற்றத்தைத் தவிர்க்காமல் அதற்குள் நுழைவதே சரியான பாடம். ‘கோசி கே கோசி கா மோராஃபே’ என்பது இன்னொரு பழமொழி: அரசன் மக்களால் அரசன். இங்கும் நிற்பது அதே ‘கா’தான். மனிதரை மனிதராக்கும் வழியே அரசனையும் அரசனாக்குகிறது. மக்களை மதியாத அரசன் தன் அரசுரிமைக்கான கருவியைத் தானே உடைத்துக்கொள்கிறான். மதிப்பு கீழிருந்து மேலே மட்டும் செல்வது என்று எண்ணியவன் அழிந்த கதையை, மதிப்பு பற்றிய பாடமாகவே படிக்கலாம். ராடிட்லாடி இதை நூல்களில் மட்டும் கற்றவர் அல்லர். பங்வாட்டோ அரச குடும்பத்தில் பிறந்தும், ஆட்சிப் பொறுப்பிலிருந்த த்ஷெக்கேடி காமாவோடு நேர்ந்த முரண்பாட்டால் 1930களில் சொந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டவர் அவர்.

ஆனால் பள்ளிக்கூடங்களை அடைந்த நாடகங்கள் யாவும் இவ்வழியில் செல்லவில்லை. தென்னாப்பிரிக்காவில் 1953-ஆம் ஆண்டின் பாண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு ஆப்பிரிக்க மொழி நூல்களின் முதன்மைச் சந்தை பள்ளியே ஆயிற்று. எந்த நூல் பாடமாகும் என்பதை அரசின் கண்காணிப்பு தீர்மானித்தது. ஆட்சியைக் கேள்வி கேட்கும் நாடகத்துக்கு அங்கே இடமில்லை. எழுத்தாளர்கள் வீட்டுக்குள் திரும்பினர்: காதல், கட்டாயத் திருமணம், பொறாமை, ஊரைவிட்டு நகரத்துக்குச் சென்று கெட்டுப்போகும் இளைஞன். பெற்றோர் சொல் கேட்டவர் வாழ்ந்தார், கேளாதவர் அழிந்தார் என்னும் அச்சு உருவாயிற்று. இவற்றுள் மொழிவளம் மிக்க நல்ல நாடகங்களும் உண்டு. எனினும் அந்த அச்சில் மதிப்பு என்பது கீழ்ப்படிதலாகச் சுருங்கியது. வாயை மூடி வைத்திருந்த ஓர் ஆட்சிக்கு அந்தச் சுருக்கம் மிகவும் வசதியாக இருந்தது.

அச்சு இன்றும் முற்றிலும் கலைந்துவிடவில்லை. தென்னாப்பிரிக்கப் பாடத்திட்டத்தில் மேனிலை வகுப்புகளின் தாய்மொழி இலக்கியத்தில் நாவல், கவிதை ஆகியவற்றோடு நாடகமும் இருக்கிறது. ஒரு நாடகத்தை ‘இது உணர்த்தும் நீதி யாது’ என்ற ஒற்றை வினாவோடு அணுகும் வகுப்பில், விடை பெரும்பாலும் ‘பெரியோரை மதிக்க வேண்டும்’ என்றே முடியும். பெரியோர் தவறு செய்யும் காட்சியை மாணவர் எங்கே வைப்பார்? 1996-ஆம் ஆண்டின் பள்ளிச் சட்டம் தென்னாப்பிரிக்காவில் பிரம்படியைத் தடை செய்தது. போத்தோவைத் தேசியக் கொள்கையாக அறிவித்த போட்ஸ்வானாவின் பள்ளிச் சட்டமோ பிரம்புக்கு இடம் விட்டே வைத்திருந்தது. மனிதராயிருத்தலைக் கற்பிக்கும் அதே அறையின் மூலையில் பிரம்பு சாத்தியிருந்தால், மாணவர் இரண்டில் எதைப் பாடமாக எடுத்துக்கொள்வார் என்று ஊகிப்பது கடினமன்று.

மரபு தன்னளவில் இந்தச் சுருக்கத்தை ஏற்கவில்லை என்பதே குறிப்பிடத்தக்கது. ‘சூசூ இலேலா சுஸ்வானா’ என்று தொடங்கும் பழமொழி மூத்தவரைத்தான் முதலில் விளிக்கிறது: மூத்தவரே, இளையவரை மதியுங்கள், அப்போதுதான் இளையவர் உங்களை மதிப்பார். கட்டளை மேலிருப்பவருக்கு, பயன் பின்னால் வருகிறது. ஊர்மன்றமாகிய கோட்லாவில் வழங்கும் இன்னொரு பழமொழி, தவறாகப் பேசுபவருக்கும் பேசும் உரிமை உண்டு என்கிறது. பெரும்போர் என்பது வாயால் நிகழ்த்துவதே என்று வேறொன்று ஆயுதத்தைவிடச் சொல்லை உயர்த்துகிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், செட்ஸ்வானா மரபு மதிப்பை உரையாடலின் நிபந்தனையாக வைத்திருப்பது தெரியும். உரையாடலை நிறுத்துவதற்கான காரணமாக அன்று.

மரபைப் புகழ்ந்து இங்கே நிறுத்திக்கொண்டால் அது நேர்மையாகாது. அதே பழமொழிக் களஞ்சியம்தான் பெண் மாடுகள் முன்சென்றால் மந்தை பள்ளத்தில் விழும் என்றும், பெண்ணின் கல்லறை புகுந்த வீட்டில்தான் என்றும் சொல்கிறது. குழந்தைக்காகத் தாய் கத்தியைக் கூர்ப்பக்கத்தில் பிடிப்பாள் என்று போற்றும் பழமொழியும் அதே வாயிலிருந்து வருகிறது; தாயாகத் தாங்கலாம், தலைவியாக நடத்தக் கூடாது என்பது இவற்றின் கூட்டுப்பொருள். 2003-இல் பலேட்டே மக்களின் கோசியாக மோசாடி செபோக்கோ முடிசூடியபோது, போட்ஸ்வானாவின் பெருங்குடி ஒன்றுக்கு முதன்முறையாகப் பெண்ணொருவர் தலைமையேற்றார். மோசாடி என்ற சொல்லுக்கே ‘பெண்’ என்றுதான் பொருள். மந்தை பள்ளத்தில் விழவில்லை. நாடகத்தில் மூத்த பாத்திரம் ஒன்று மந்தைப் பழமொழியைச் சொல்லும் இடத்தில் மாணவர்கள் சற்று நின்று, இந்தச் செய்தியையும் அருகில் வைத்துப் பார்க்கலாம். பழமொழி கேட்போரை ஒப்புக்கொள்ளச் செய்யும் உத்தியும் கூட; அதை யார், யாரிடம், எதற்காகச் சொல்கிறார் என்று கேட்க நாடகம் வாய்ப்புத் தருகிறது.

இன்னும் ஆழமான சிக்கல் இலக்கணத்திலேயே இருக்கிறது. மனிதர்களைக் குறிக்கும் பா- முன்னொட்டு எல்லா மனிதருக்கும் கிடைத்துவிடவில்லை. ட்ஸ்வானா மக்கள் பாட்ஸ்வானா எனப்பட்டனர். அவர்களிடம் பரம்பரை ஊழியம் செய்த சான் மக்களோ நெடுங்காலம் மாசார்வா என்றே அழைக்கப்பட்டனர். ஊழியர்களைக் குறித்த சொல்லும் மாலாட்டா என்று அதே மா- வகுப்பில் இருந்தது. மா- வகுப்பில் உள்ள சொற்கள் யாவும் இழிவானவை அல்ல. பொருள்கள், பிற இனத்தார், தொழிலோர் எனப் பலவும் அதில் உண்டு. ஆயினும் ஒரு மக்களை பா- வகுப்புக்கு வெளியே நிறுத்தும் வழக்கத்தைக் குற்றமற்றது என்று சொல்ல முடியாது. பின்னாளில் பாசார்வா என்னும் வடிவம் வழக்குக்கு வந்தது. ஓர் எழுத்தின் மாற்றம் ஒரு மக்களை இலக்கணத்தில் பாத்தோவோடு சேர்த்தது. நிலத்திலும் பள்ளியிலும் அவ்வாறு சேர்ப்பது இலக்கணத் திருத்தத்தைப்போல எளிதாக இருக்கவில்லை. பெஸ்ஸி ஹெட் 1971-இல் வெளியிட்ட ‘மாரு’ என்னும் ஆங்கில நாவல், மாசார்வா எனப்படும் பெண்ணொருத்தி போட்ஸ்வானாக் கிராமப் பள்ளிக்கு ஆசிரியையாக வரும்போது எழும் கொந்தளிப்பையே கதையாக்கியது. மனிதர் மனிதர்களால் மனிதராகிறார் என்று சொல்லும்போது, அந்த ‘மனிதர்கள்’ என்னும் தொகையில் யார் யார் அடங்குவர்? போத்தோ பற்றிய எந்தப் பாடமும் இந்தக் கேள்வியைத் தாண்டிச் செல்ல முடியாது.

நாடகத்தைக் கல்விக்குப் பயன்படுத்துவதில் போட்ஸ்வானாவுக்கு ஓர் எச்சரிக்கை அனுபவமும் உண்டு. 1974-இல் நாட்டின் வடகிழக்கில் பொகாலாக்கா பகுதியில் ‘லாயெட்சா பாட்டனானி’ என்னும் மக்கள் அரங்க முயற்சி தொடங்கியது. ‘பொழுது புலர்ந்தது, ஒன்றுகூடுவோம்’ என்பது அப்பெயரின் கருத்து. நாடகம், பாட்டு, ஆட்டம், பொம்மலாட்டம் ஆகியவற்றால் ஊர்ச் சிக்கல்களைக் காட்டி, முடிவில் பார்வையாளரோடு கலந்துரையாடுவது அதன் முறை. ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் வளர்ச்சிக்கான அரங்கம் என்று பரவிய போக்கின் முன்னோடிகளுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. அம்முயற்சியில் பங்கேற்ற ராஸ் கிட், மார்ட்டின் பைரம் ஆகிய இருவருமே 1982-இல் அதைக் கடுமையாக மறுஆய்வு செய்தனர். எதைச் சிக்கல் என்று கொள்வது என்பதை அதிகாரிகளும் ஊரின் வசதி படைத்தோரும் முடிவுசெய்தனர். ஏழைகள் நாடகம் பார்த்துத் தங்கள் நடத்தையைத் திருத்திக்கொள்ள வேண்டியவர்களாக நடத்தப்பட்டனர் என்பது அந்த மறுஆய்வின் சாரம். உரையாடல் நடந்தது, உரையாடலின் பொருளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பகிரப்படவில்லை.

பள்ளி நாடகத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும். நாற்பது மாணவர்களும் ஒரு பாடநூலும் மட்டுமே உள்ள வகுப்பிலும் மூன்று செயல்கள் இயலும். முதலாவது, ஒரே உரையாடலை வெவ்வேறு கேட்போரிடம் பேசவைத்தல். ‘தண்ணீர் தா’ என்னும் பொருளுள்ள ஒரு வரியைத் தந்தையிடம், தோழியிடம், அரசனிடம், வீட்டில் வேலை செய்பவரிடம் சொல்லும்போது விளியும் பன்மையும் கையும் எவ்வாறு மாறுகின்றன என்று குறிக்கச் சொல்லலாம். நான்காவது இடத்தில் ‘ர்ரா’வும் ‘ம்மா’வும் மறைகின்றனவா என்பதே கவனிக்க வேண்டியது. இரண்டாவது, பாத்திரங்களை மாற்றுதல். பதினாறு வயது மாணவி கோசியாக அமர, ஊரில் செல்வாக்குள்ள வீட்டுப் பையன் முறையிடும் குடியாக நிற்கட்டும். தன் சொல்லை அவையோர் எவரும் செவிமடுக்காதபோது அவன் உடல் அடையும் சங்கடம் எந்த அறவுரைக்கும் ஈடாகாது. மூன்றாவது, முடிவை ஆசிரியர் சொல்லாதிருத்தல். கோட்லாவில் தலைவர் இறுதியில் பேசுவது மரபு. எல்லாரும் பேசியபின் பேசுகிறார் என்பதே அதன் அறம். வகுப்பிலோ பல வேளைகளில் ஆசிரியர் முதலிலும் பேசுகிறார், இறுதியிலும் பேசுகிறார்.

இம்மூன்றும் பணிவைக் குலைத்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சத்தை ஏளனம் செய்யலாகாது. காலனியமும் இனவொதுக்கலும் குடும்பங்களைச் சிதைத்த நிலத்தில், சுரங்கங்களுக்குத் தந்தையரை அனுப்பிவிட்டுப் பாட்டிமார் பிள்ளைகளை வளர்த்த ஊர்களில், பெரியோர் சொல்லே எஞ்சியிருந்த பாதுகாப்பாக இருந்தது. மதிப்பு என்று அவர்கள் வற்புறுத்தியதில் அதிகாரப் பற்று மட்டும் இல்லை. பிள்ளைகள் உயிரோடு திரும்ப வேண்டுமே என்ற பதைப்பும் இருந்தது. அந்தப் பதைப்பைப் புரிந்துகொள்வதும் மதிப்பின் ஒரு பகுதியே. முதியவராக நடிக்கும் மாணவர் அதை உள்ளிருந்து காண்கிறார். நாடகம் கேள்வி கேட்பதையும் புரிந்துகொள்வதையும் ஒரே உடலில் பழக்குவதால்தான் இவ்வறத்தைக் கற்பிக்க அது ஏற்றதாகிறது.

ஈரக்குச்சியைத்தான் வளைக்க முடியும் என்று செட்ஸ்வானாவில் ஒரு பழமொழி உண்டு. இளமையில் கற்பி என்பதற்கு அது வழங்குகிறது. இன்னொரு பழமொழியோ, குறிசொல்லும் காயைப் பிறர் செதுக்கலாம், மனிதர் தம்மைத் தாமே செதுக்கிக்கொள்கிறார் என்கிறது. பள்ளிகள் முதல் பழமொழியை மிகுதியாக நினைவில் வைத்திருக்கின்றன. மொழியியல், இலக்கியம், கல்வியியல் ஆகிய மூன்று துறைகளின் ஆய்வாளரும் சேர்ந்து செய்யத்தக்க எளிய வேலை ஒன்று இருக்கிறது. பாடமாக உள்ள ஒரு செட்ஸ்வானா நாடகத்தை எடுத்துக்கொண்டு, அதில் யார் யாரை ‘ர்ரா’, ‘ம்மா’ என்று அழைக்கிறார், யாருக்குப் பன்மை கிடைக்கிறது, யாருக்கு இறுதிவரை கிடைக்கவில்லை என்று பக்கம் பக்கமாக எண்ணிப் பட்டியலிடுவது. அந்தப் பட்டியலை மாணவர்களிடமே கொடுத்து, விடுபட்டவருக்கு உரிய விளியைச் சேர்த்து ஒரு காட்சியை மறுபடியும் நடிக்கச் சொன்னால், அக்காட்சியில் பிற பாத்திரங்கள் எங்கே தடுமாறுகின்றன என்பது தெரியவரும். போத்தோ பற்றிய அடுத்த பாடத்தை அந்தத் தடுமாற்றத்திலிருந்து தொடங்கலாம்.